நீல வாளியில் எதைப் போடலாம், எதைக் கழுவணும், எதைத் தனியாகக் கொடுக்கணும்?

பாளையங்கோட்டைக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, மாநகராட்சி வண்டியில் வரும் தூய்மைப் பணியாளர் அக்கா உங்கள் மக்காத குப்பை வாளியில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், "எல்லாம் பிளாஸ்டிக்தானே, எது தப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, அம்பாசமுத்திரம் பக்கம் அம்மா வீட்டில் எல்லாவற்றையும் கொல்லையில் போட்டு எரித்துவிடுகிறார்களே, அது சரியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தூய்மைப் பணியாளர்களோடு சேர்ந்து குப்பை பிரிக்கும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். தெரிந்ததை விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. அந்த நீல வாளியில் போடுவதெல்லாம் உருகி வேறு பொருளாகிவிடும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அது காய்ந்த குப்பைக்கான வாளி, அவ்வளவுதான். வாளியிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து பிரிக்கிற கொட்டகைக்கு. அங்கே பெரும்பாலும் கையால்தான் பிரிக்கிறார்கள். விலை போவது ஒரு குவியல், சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போவது ஒரு குவியல், ஒன்றுக்கும் ஆகாதது குப்பைக் கிடங்குக்கு. ஒரு பொருள் எந்தக் குவியலுக்குப் போகும் என்பது அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதைப் பொறுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் நான் பார்த்தவரை, வீட்டை விட்டுக் கிளம்பும்போது அது காய்ந்திருந்ததா, நனைந்திருந்ததா என்பதில்தான் பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது. சாம்பார் ஒட்டிய ஒரு பார்சல் கவர் வாளிக்குள் கவிழ்ந்தால் அதே வாளியில் இருக்கும் நல்ல செய்தித்தாளும் அட்டைப்பெட்டியும் கெட்டுப்போகும். உங்கள் வாளியில் பாதியைத் திருப்பியதற்கும் அநேகமாக அதுதான் காரணம். அந்த அக்கா கோபத்தில் செய்ததில்லை. கொட்டகையில் அதைக் கையால் கிளறப்போவதும் அவரும் அவரோடு வேலை பார்க்கிறவர்களும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொன்னது: மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் அதை நான்காக்கிவிட்டன. ஈரக் குப்பை, காய்ந்த குப்பை, நாப்கின் டயப்பர் போன்ற சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் வேண்டிய கழிவு. நான்கு வாளி வாங்க வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. இரண்டு வாளி, ஒரு பழைய அட்டைப்பெட்டி, கொஞ்சம் செய்தித்தாள் போதும்.

நெல்லை மாநகராட்சியில் மக்காத குப்பையைப் புதன்கிழமைகளில் தனியாக வாங்கும் முறை முன்பே வந்தது. இப்போது உங்கள் தெருவில் என்ன கிழமை, எந்த நேரம் என்பதை அந்த அக்காவிடமே கேட்டுக்கொள்ளுங்கள், பகுதிக்குப் பகுதி மாறும். வாரம் ஒருமுறைதான் வாங்குவார்கள் என்றால் கழுவிக் காயவைப்பது இன்னும் முக்கியம். ஈரத்தோடு ஆறு நாள் மூடி வைத்த பால் கவர் எப்படி நாறும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பால் கவரில் இருந்தே தொடங்குவோம், தினமும் எல்லா வீட்டிலும் விழுவது அது. நல்ல விலை போகும் சரக்கு. வெறும் பாலிஎத்திலீன், வேறு கலப்பு கிடையாது. மூலையை வெட்டும்போது அந்தச் சின்ன முக்கோணத்துண்டு தனியாக வராதபடி ஒரு ஓரம் ஒட்டிக்கொண்டே இருக்க வெட்டுங்கள். தனியாக விழுந்த துண்டை யாரும் பொறுக்க முடியாது, அது நேராக சாக்கடைக்குத்தான் போகும். பாலை ஊற்றியதும் அரிசி கழுவிய தண்ணீரைக் கொஞ்சம் கவருக்குள் விட்டு ஒரு குலுக்கு குலுக்கி, அதைச் செடிக்கு ஊற்றிவிட்டு, கவரைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டிவிடுங்கள். நம்ம ஊர் வெயிலுக்குச் சீக்கிரமே சருகாகக் காய்ந்துவிடும். இருபது முப்பது சேர்ந்ததும் ஒன்றுக்குள் ஒன்றாகத் திணித்து ஒரே கட்டாகக் கொடுங்கள். தயிர் கவர், மாவு கவர் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம். எண்ணெய் கவர் மட்டும் கொஞ்சம் படுத்தும். ஒரு ராத்திரி கிண்ணத்தின் மேல் தலைகீழாகச் சாய்த்து வைத்தால் மிச்ச எண்ணெய் வடிந்துவிடும், அப்புறம் வெட்டித் திறந்து சீயக்காய்த் தூளோ சோப்போ போட்டு ஒரு அலசு. அதற்கும் பொறுமை இல்லையென்றால் எண்ணெய் கவரைத் தனியாகச் சுருட்டிக் கட்டிப் போடுங்கள். மற்றதைக் கெடுக்காமல் இருந்தாலே பெரிய உதவி.

அடுத்து காகிதம். இங்கேதான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், காகிதம் போல் இருப்பதெல்லாம் காகிதமில்லை. நம்ம ஊர் அல்வா பெட்டி ஒன்றை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். வெளி அட்டை காய்ந்திருந்தால் அது அட்டைக் கட்டுக்குப் போகும், நல்ல சரக்கு. உள்ளே அல்வாவைச் சுற்றியிருக்கும் தாள் நெய்யில் ஊறிப்போயிருக்கும். அது வெறும் தாளாக இருந்தால் மக்கும் குப்பைக்குப் போகலாம். தண்ணீரில் கரைத்துக் கூழாக்கித்தான் பழைய காகிதத்தைப் புதுசாக்குகிறார்கள், எண்ணெய் கரையாமல் கூழோடு மிதந்து புதுத் தாளில் பொட்டுப் பொட்டாக நிற்கும், அதனால் ஆலைக்காரர்கள் நெய்த்தாளை ஏற்க மாட்டார்கள். தாளைக் கிழித்தால் ஓரத்தில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் இழுபட்டு நீள்கிறதா, அப்படியானால் அது மக்கவும் செய்யாது, கூழாகவும் ஆகாது. காய்ந்த குப்பையில் போடுங்கள், சிமெண்ட் ஆலைக்குப் போகட்டும். பெட்டியின் அடியில் நெய் இறங்கிக் கறுத்திருந்தால் அந்த அடிப்பாகத்தை மட்டும் கிழித்து ஈரக் குப்பையில் போட்டுவிட்டு மேல்மூடியைக் காகிதத்தோடு வையுங்கள். ஒரு பெட்டியில் மூன்று விதமான குப்பை இருக்கிறது, பிரிக்க அரை நிமிஷம் ஆகும். இதைப் பழகிவிட்டால் பிட்சா பெட்டி, மிக்சர் பொட்டலம், புரோட்டா பார்சல் எல்லாம் தானாகப் பிடிபடும்.

கிழித்துப் பார்க்கும் இந்தச் சோதனையை டீ கப்புக்கும் செய்யுங்கள். காகிதக் கப்பின் உள்பக்கம் முழுக்கப் பிளாஸ்டிக் பூச்சு, அது இல்லாவிட்டால் டீயைத் தாங்காது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்படுத்தும் பொருட்களில் இதுவும் ஒன்று. சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும், பிளாஸ்டிக் பூசிய தட்டும்கூட. கல்யாண வீட்டில் வாழை இலை போலவே பச்சையாக அச்சடித்த தாளில் சாப்பாடு போடுகிறார்களே, அதை ஆட்டுக்குப் போட்டுவிட வேண்டாம். தாமிரபரணிப் பாசனத்தில் இவ்வளவு வாழை விளைகிற ஊரில் அந்தத் தாள் ஏன் என்று எனக்கு ஒவ்வொரு பந்தியிலும் வருத்தமாக இருக்கும்.

இன்னொரு ஏமாற்று, ஜவுளிக்கடையில் கொடுக்கும் துணிப்பை மாதிரியான பை. தொட்டால் துணி போலத் தெரியும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், குறுக்கும் நெடுக்குமாக நூல் ஓடாது, அழுத்தி ஒட்டிய சின்னச் சின்னப் புள்ளிகள்தான் இருக்கும். அது பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக். நாளானால் தூளாக உதிர்ந்து கையில் ஒட்டும். உதிர்வதற்கு முன்னால் காய்ந்த குப்பையில் போட்டுவிடுங்கள், பழந்துணியோடு சேர்க்காதீர்கள்.

ஏடிஎம் சீட்டு, கடை பில், பஸ்ஸில் மெஷின் கொடுக்கும் டிக்கெட் இவை வெப்பத்தில் அச்சாகும் தாள். நகத்தால் கீறினால் கறுப்புக் கோடு விழும். அதில் பூசியிருக்கும் ரசாயனம் காகிதக் கூழில் சேரக்கூடாது. பழைய பேப்பர் கட்டில் வைக்காமல் மற்ற காய்ந்த குப்பையோடு போடுங்கள்.

சரி, பிளாஸ்டிக் பாட்டிலுக்கு வருவோம். அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும், 1 முதல் 7 வரை. முக்கோணத்தைப் பார்த்ததும் மறுசுழற்சி ஆகும் என்று நினைத்துவிடுகிறார்கள். அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று சொல்லும் எண், அவ்வளவே. தண்ணீர் பாட்டில், கூல்டிரிங்க்ஸ் பாட்டில் 1. ஷாம்பு, பினாயில், தேங்காயெண்ணெய் டப்பா 2. பால் கவர் 4. சாப்பாட்டு டப்பா, பாட்டில் மூடி பெரும்பாலும் 5. இந்த நான்குக்கும் நம்ம ஊரில் வாங்க ஆள் உண்டு. 3 என்பது பிவிசி, குழாய், ரெக்சின், சில உறைகள். 6 தெர்மாகோல் வகை. 7 என்பது மற்ற எல்லாம். இந்த மூன்றுக்கும் வீட்டளவில் மதிப்பு ரொம்பக் குறைவு.

பிள்ளைகள் இருந்தால் இதை வீட்டிலேயே செய்து காட்டலாம். காலி தண்ணீர் பாட்டிலில் இருந்து கத்தரியால் ஒரு சின்னத் துண்டு வெட்டுங்கள், மூடியில் இருந்து ஒரு துண்டு. இரண்டையும் ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டு விரலால் அமுக்கி விடுங்கள், ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழ் போகட்டும். பாட்டில் துண்டு அடியில் போய் உட்காரும், மூடித் துண்டு மேலே வந்து மிதக்கும். ஆலையிலும் அரைத்த தூளைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு இப்படித்தான் பிரிக்கிறார்கள். அதனால் மூடியைக் கழற்றித் தனியாகப் போட வேண்டாம், தண்ணீரை வடித்துவிட்டு, நசுக்கி, மூடியைத் திருகியே கொடுங்கள். தனி மூடி தொலைந்துபோகும், பாட்டிலோடு வந்தால் போய்ச் சேரும். ஆனால் இந்தத் தொட்டியையே ஏமாற்றிவிடும் ஒன்று உண்டு, பிவிசி. அதுவும் பாட்டில் பிளாஸ்டிக் போலவே மூழ்கும். பாட்டிலை உருக்கும் சூட்டில் பிவிசி கருகி அமில ஆவி விடும், கொஞ்சம் கலந்தாலே மொத்தச் சரக்கும் பழுப்பேறிப்போகும். குழாய்த் துண்டு, பழைய ரெக்சின் உறை, ஷவர் திரை இவற்றைப் பாட்டிலோடு ஒரே பையில் கட்டாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

இனி பளபளக்கிற பாக்கெட்டுகள். சிப்ஸ், பிஸ்கட், காபித்தூள், ஷாம்பு சாஷே. உள்ளே வெள்ளி போல மின்னும். வெவ்வேறு பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியது, பிரித்தெடுக்க முடியாது, பழைய கடைக்காரர் கையாலும் தொட மாட்டார். அதனால் இதை "மறுசுழற்சிக்கு ஆகாது" என்று ஈரக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அது பெரிய தப்பு, உரமாக வேண்டிய சரக்கை அது கெடுத்துவிடும். இதுவும் நீல வாளிக்குத்தான். சிமெண்ட் சூளையில் சுண்ணாம்புக்கல் 1,400 டிகிரிக்கு மேல் வேகிறது, அந்தச் சூட்டில் நிலக்கரிக்குப் பதிலாக இந்தப் பாக்கெட்டுகள் எரியும். முழுக்க நல்ல வழி என்று நான் சொல்ல மாட்டேன், இந்தப் பாக்கெட்டே இல்லாமல் இருப்பதுதான் நல்லது. ஆனால் சாக்கடையில் அடைத்துக்கொள்வதைவிட, தெருவோரம் புகைவதைவிட எவ்வளவோ மேல். அதற்கும் காய்ந்திருக்க வேண்டும், ஈரக் குப்பை சூளையின் சூட்டைத் தின்றுவிடும்.

மெல்லிய கவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடித்த பிளாஸ்டிக் சாலை முறை. பொடியாக நறுக்கிய கவரைச் சூடான ஜல்லியின் மேல் தூவினால் உருகிக் கல்லைப் போர்த்திக்கொள்ளும், அதன் மேல் தார். இந்த வேலைக்காக 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதிலும் பிவிசி சேர்ப்பதில்லை, சேறும் சோறும் ஒட்டிய கவரைச் சேர்க்க முடியாது. மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வருகிறோம்: காய்ந்திருக்கணும், பிரிந்திருக்கணும்.

ஜூஸ் வரும் அட்டை டப்பா, டெட்ரா பேக், காகிதமில்லை. முக்கால்வாசி காகிதம், மீதி பாலிஎத்திலீனும் கொஞ்சம் அலுமினியமும். ஸ்ட்ராவை எடுத்துவிட்டு, அலசி, தட்டையாக மடித்துக் காய்ந்த குப்பையில் தனியாகத் தெரியும்படி வையுங்கள். காகிதக் கட்டுக்குள் ஒளிக்க வேண்டாம்.

உலோகத்தில் குழப்பம் குறைவு. டின், கம்பி, பழைய பாத்திரம் எதுவானாலும் வாங்க ஆள் இருக்கிறது. அலுமினியத்தை மட்டும் வீணாக்காதீர்கள், தாதுவில் இருந்து புதிதாக எடுப்பதோடு பார்த்தால் பழையதை உருக்க ஐந்து சதவீதம் அளவு ஆற்றலே போதும். பார்சல் சுற்றிவந்த அலுமினியத் தாளைத் துடைத்து, ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றிப் பந்தாக்கிக்கொண்டே வந்தால் அதற்கும் விலை உண்டு. தனித்தனித் துண்டாகப் போட்டால் பறந்துபோகும்.

கண்ணாடியில் பாட்டில்களும் ஜாடிகளும் சரி. முகம் பார்க்கும் கண்ணாடி, குடிக்கும் டம்ளர், சூடு தாங்கும் பாத்திரம், பீங்கான் இவை பாட்டில் கண்ணாடியோடு சேராது, கலவையோ பூச்சோ உருகும் சூடோ வேறு. உடைந்ததை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். செய்தித்தாளில் நாலு சுற்று சுற்றி, அட்டைக்குள் வைத்துக் கட்டி, மேலே பேனாவால் பெரிதாக "கண்ணாடி" என்று எழுதி, வாளிக்குள் போடாமல் கையில் கொடுங்கள். "எக்கா, இதுல கண்ணாடி இருக்கு, பாத்து" என்று ஒரு வார்த்தை. கையுறை போட்டிருந்தாலும் சில்லு உள்ளே ஏறும். கை கிழிந்து தையல் போட்டவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன்.

அதே அக்கறை நாப்கினுக்கும் டயப்பருக்கும் வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டாமல் செய்தித்தாளில் சுற்றி, சிவப்புப் பேனாவால் ஒரு கோடோ பொட்டோ வைத்துத் தனியாகக் கொடுங்கள். பார்த்தவுடன் தெரிந்தால் அவர் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டிய நிலை வராது. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டில் இருந்தால், ஊசியை ஒரு கெட்டியான காலி பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மூடியை டேப் போட்டு ஒட்டுங்கள். மாத்திரை மிச்சம், காலாவதியான டானிக், செல், செல்போன் பேட்டரி, டியூப் லைட், சிஎஃப்எல் பல்பு, பூச்சி மருந்து டப்பா, பெயிண்ட் இவையெல்லாம் அந்தப் பழைய அட்டைப்பெட்டிக்கு. டியூப் லைட்டில் பாதரசம் இருக்கிறது, உடைக்கவே கூடாது. செல்போன் பேட்டரி நசுங்கினால் தானாகத் தீப்பிடிக்கும், குப்பை வண்டியிலும் கொட்டகையிலும் தீ கிளம்ப அது ஒன்றே போதும். பெட்டி நிறைந்ததும் வண்டியில் சொல்லிக் கொடுங்கள், அல்லது உங்கள் வார்டு சுகாதார ஆய்வாளர் அலுவலகத்தில் எங்கே வாங்குகிறார்கள் என்று கேளுங்கள்.

2024 டிசம்பரில் கோடகநல்லூர், நடுக்கல்லூர், பழவூர் பக்கம் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனது நினைவிருக்கும். ஊர்க்காரர்கள் கொதித்தார்கள், பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது, கடைசியில் கேரளத்தில் இருந்து லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின. அந்தக் கோபம் நியாயமானது. அதே ஊசியும் அதே ரத்தம் பட்ட பஞ்சும் நம் வீட்டு வாளியிலிருந்து சாதாரணக் குப்பையாகக் கிளம்பும்போது, அதைத் தொடுகிற கைக்கு இரண்டும் ஒன்றுதான். இதை நான் பேசப்போகும் தெருக்கூட்டங்களில் எல்லாம் சொல்வேன்.

பழந்துணி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இந்த ஊரில் சொல்லாமல் விட முடியாது. பாபநாசத்தில் குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டு வருகிற வழக்கம் இருக்கிறது. நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. பாலியஸ்டர் சேலை மக்காது, பாறை இடுக்கில் சுற்றிக்கொண்டு கிடக்கும், மீனும் அதில் மாட்டும், குளிக்க இறங்குகிறவர் காலும் மாட்டும். கரையில் துணிக்கென்று வைத்திருக்கும் இடத்தில் போடலாம், வீட்டுக்குக் கொண்டுவந்து காயவைத்து நீல வாளியிலும் போடலாம். வீட்டுப் பழந்துணியில் உடுத்தத் தக்கதைத் துவைத்து யாருக்காவது கொடுங்கள், கிழிந்த பருத்தியைக் கரித்துணியாக்குங்கள், மீதி காய்ந்த குப்பை. செருப்பு, பல் துலக்கும் பிரஷ், பேனா, ரப்பர் இவற்றுக்கும் விலை கிடையாது, ஆனாலும் அந்த வாளிதான்.

ஈரக் குப்பை உங்களுக்குத் தெரிந்ததுதான், சமையலறைக் கழிவும் எச்சில் சோறும். முட்டை ஓடு, மீன் செதில், எலும்பு, வாழை இலை, பூ எல்லாம் அதில். சொதிக்கு நாலு தேங்காய் உடைக்கிற வீட்டில் சிரட்டை குவியும், அது மக்க ரொம்ப நாளாகும். தனியாகச் சேர்த்துவைத்தால் அடுப்புக்கோ கரி சுடுகிறவர்களுக்கோ உதவும். பீடி சுற்றுகிற வீடு என்றால் இலைக் கழிவு மக்கும், லேபிள் கிழிசலும் நூலும் தனியாக. ஈரக் குப்பையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாளியில் வைக்க வேண்டாம், வாளியை அப்படியே கவிழ்த்துக் கொட்டலாம். அடியில் ஒரு செய்தித்தாள் விரித்தால் ஒட்டாது. உங்கள் பகுதியின் ஈரக் குப்பை நுண் உர மையத்துக்குப் போகிறது, அங்கே ஒரு சாஷே துண்டு இருந்தாலும் யாராவது குனிந்து பொறுக்க வேண்டும்.

ஈரமும் காய்ந்ததும் கலந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சங்கரன்கோவில் ரோட்டில் ராமையன்பட்டி கிடங்குதான் சாட்சி. கலந்த குப்பை மேலே மேலே விழும்போது அடியில் காற்றில்லாமல் அழுகி, தீப்பற்றக்கூடிய மீத்தேன் வாயு உண்டாகிறது. மேலே பிளாஸ்டிக்கும் துணியும் காய்ந்து கிடக்கும். ஆனி ஆடிக் காற்றில் ஒரு பொறி பட்டால் தீ அடியில் புகுந்துகொள்ளும், மேலே தண்ணீர் அடித்தால் மட்டும் அணையாது. அங்கே தீப்பிடிக்கும்போதெல்லாம் சுற்றியிருக்கும் குடியிருப்புகளில் ஜன்னலைத் திறக்க முடியாது.

இனி காசு விஷயம். எல்லாவற்றையும் நீல வாளியில் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. செய்தித்தாள், அட்டை, பாட்டில், இரும்பு, உடைந்த வாளி, பிளாஸ்டிக் சேர் இவற்றைப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோகலாம், சைக்கிளிலோ குட்டியானையிலோ தெருவுக்கு வருகிறவர்களிடமும் கொடுக்கலாம். கடை அண்ணாச்சியிடம் ஒரு தடவை நின்று பாருங்கள், எதை எந்தக் குவியலில் எறிகிறார் என்று. செய்தித்தாளுக்கு ஒரு விலை, நோட்டுப் புத்தகத்துக்கு ஒரு விலை, அட்டைக்கு ஒரு விலை. நனைந்த அட்டையைக் கையில் தூக்கியதுமே எடையில் கழித்துவிடுவார். இந்தக் கடைகள் இல்லாவிட்டால் எந்த நகராட்சியாலும் இவ்வளவு பொருளைத் திருப்பி எடுக்க முடியாது. தூய்மைப் பணியாளர்களில் பலருக்கும் வண்டியில் கிடைக்கும் பாட்டிலும் அட்டையும் விற்ற காசு ஒரு சின்ன உதவி. அதனால் நான் கொஞ்சம் நல்ல சரக்கைக் கடைக்குக் கொண்டுபோகாமல் வண்டிக்கே கொடுத்துவிடச் சொல்வேன். இது என் கருத்து, உங்கள் விருப்பம்.

கடைசியாக அம்மா வீட்டுக் கொல்லை. எரிப்பது வேண்டவே வேண்டாம். கொல்லைத் தீயில் சூடு போதாது, பிளாஸ்டிக் முழுக்க எரியாமல் புகைகிறது. பிவிசி கலந்திருந்தால் டையாக்சின் என்ற நச்சு உண்டாகும். அது சாம்பலோடும் புகையோடும் புல்லில் படிந்து, மேய்கிற மாட்டின் பாலுக்குள் வரும். பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் திறந்தவெளியில் குப்பை எரிப்பவர்களுக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் அபராதம் என்று உத்தரவிட்டது. அபராதம் யாரும் வந்து போடுவார்களா என்பது வேறு விஷயம், அடுப்பங்கரை ஜன்னலுக்கு நேரே அந்தப் புகை போகிறது என்பதை அம்மாவுக்குச் சொல்லுங்கள்.

எரிக்காமல் என்ன செய்வது? கிராமத்தில் ஈரக் குப்பை ஒரு பிரச்சினையே இல்லை. கொல்லையில் இடுப்பளவு குழி, ஒரு அடுக்கு சமையலறைக் கழிவு, ஒரு அடுக்கு காய்ந்த சருகோ தென்னை ஓலைத் துணுக்கோ, மேலே கொஞ்சம் மண் அல்லது சாணம். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். காய்ந்த குப்பைக்கு இரண்டு சாக்கு, ஒன்றில் விலை போவது, இன்னொன்றில் பளபளப்புப் பாக்கெட்டும் மெல்லிய கவரும். மழைச்சாரல் படாத இடத்தில் ஆணியடித்து மாட்டச் சொல்லுங்கள், தரையில் வைத்தால் எலி கிழித்துவிடும். முதல் சாக்கைப் பழைய சாமான் வாங்க வருகிறவரிடம் போடலாம். இரண்டாவதை ஊராட்சித் தூய்மைக் காவலர் வரும்போது கொடுக்கலாம். உங்கள் தெருவுக்கு அவர் வருவதில்லை என்றால் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள், நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் பலன் இருக்கும். பேட்டரி, டியூப் லைட், ஊசி, மிச்ச மாத்திரை இவற்றைக் கொடுக்க அங்கே வழியில்லை என்றால் ஒரு டப்பாவில் சேர்த்துவைக்கச் சொல்லி, அடுத்த தடவை ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கையோடு எடுத்துவந்து பாளையங்கோட்டையில் உங்கள் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.